செத்த காலேஜ், உயிர் காலேஜ்

அத்தியாயம் பதினொன்று

ஐப்பசிப் புயலில் ரகுபதியின் கட்டுமரம் போனதும், மூன்றாம் நாள் எண்ணூர்க் கரையில் அவன் உடல் ஒதுங்கியதும் இந்தக் கதையோடு கூடவே வருகிறவர்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்கு இன்னும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உடலை அடையாளம் காட்டியவள் அவன் மனைவி குணசுந்தரி. "அவருதான்" என்று ஒரே வார்த்தை சொன்னாள். அதன் பிறகு எட்டு மாதமாக அவள் அழவில்லை.

திருவொற்றியூர்க் குப்பத்தில் அதை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகப் பேசினார்கள். கல்நெஞ்சக்காரி என்றார்கள் சிலர். பேச்சு அதிகமானதும் அண்ணன் தேசப்பன் வந்து அவளையும் அவள் மகள் அங்கம்மாவையும் ராயபுரத்துக்கு அழைத்துக்கொண்டு போனான். துறைமுகத்தில் சுமை தூக்கும் வின்ச்சு ஓட்டுகிறவன் அவன். சேர்ந்தாற்போல் இரண்டு அறை உள்ள வீடு. குணசுந்தரி அங்கே பெருக்கினாள், சமைத்தாள், சொன்ன வேலையைச் செய்தாள். சொல்லாவிட்டால் உட்கார்ந்திருந்தாள்.

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி குப்பம்மா ஒரு இலைப்பச்சைச் சேலையை அவள் மடியில் வைத்தாள்.

"இத்த கட்டிக்கோ. இன்னிக்கு டவுனுக்குப் போறோம்."

"எதுக்கு அண்ணி?"

"சொம்மாதான். நாஷ்டா துன்னுட்டு, செத்த காலேஜு, உயிர் காலேஜு எல்லாம் பாத்துட்டு வரலாம். ட்ராமையே நிறுத்தப் போறாங்கோன்னு பேசிக்கிறாங்கோ. அதுக்குள்ள ஒரு தபா ஏறிடலாம்."

எழும்பூர் மியூசியத்துக்குச் செத்த காலேஜ் என்றும், சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டிய மிருகக்காட்சி சாலைக்கு உயிர் காலேஜ் என்றும்தான் அந்தப் பக்கத்தில் பெயர்.

"அங்கம்மாவும் வந்திருந்தா பாத்திருக்கும்" என்றாள் குணசுந்தரி.

அங்கம்மாவை முந்தின நாள்தான் அவள் அப்பாவைப் பெற்ற பாட்டி செல்லம்மா வந்து திருவொற்றியூருக்குக் கூட்டிப் போயிருந்தாள். இரண்டு நாள் வைத்துக்கொண்டு அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

குப்பம்மா பதில் சொல்லாமல் சேலையின் மடிப்பைப் பிரித்துவிட்டாள்.

*

பாரிஸ் முனைக்குப் பக்கத்து ஓட்டலில் கூட்டம் அதிகம். தேசப்பன் இடம் பிடித்து, மூன்று மசால் தோசை சொன்னான். தோசை தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்தது. நெய் வாசனை மேஜை முழுக்கப் பரவியது.

"எப்படி கீது?" என்று கேட்டான் தேசப்பன்.

"நல்லா கீது."

அவள் வாயில் தோசை சூடாக இருந்தது. பிறகு ஆறியது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. உப்பு கூடவா குறைவா என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. கிழங்கில் ஒரு மிளகாய்த் துண்டைக் கடித்து, கண்ணில் நீர் வந்தபோது குப்பம்மா சட்டென்று அவள் முகத்தைப் பார்த்தாள். காரம்தான் என்று தெரிந்ததும் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தாள்.

"அட, வேலு. இன்னாபா இந்தப் பக்கம்?" என்று தேசப்பன் திடீரென்று எழுந்தான்.

நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றுகொண்டிருந்தார். வெளுத்த காக்கிச் சட்டை, கையில் ஒரு துணிப்பை. துறைமுகத்தில் லாஞ்சுப் படகு ஓட்டுகிற வேலப்பன் என்று தேசப்பன் அறிமுகம் செய்துவைத்தான். தங்கச்சி என்று அவளைக் காட்டினான். வேலப்பன் தலையசைத்தார். ஒரு காபி குடித்தார். துணிப்பையை மடியிலேயே வைத்திருந்தார். பிறகு போய்விட்டார்.

"தங்கமான மனுசன்" என்றான் தேசப்பன், பொதுவாக.

குணசுந்தரி கை கழுவப் போனாள்.

*

செத்த காலேஜில் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைச் சுற்றித்தான் ஜனம் நின்றது. உட்காரும் பலகை மாதிரி அகலமான முதுகெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக அறை நீளத்துக்கும் போயின. பட்டிக்காட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் வாயைப் பிளந்து நின்றது. குப்பம்மாவும் அப்படித்தான் நின்றாள்.

"இத்த எந்த வலையில புடிச்சிருப்பாங்கோ?" என்று கேட்டாள்.

"வலையில எங்க புடிக்கிறது. கரையில ஒதுங்கினதாத்தான் இருக்கும்" என்று சொன்ன தேசப்பன், சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

குணசுந்தரி விலா எலும்புகளை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை தவறியது. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். ஒதுங்கின என்ற வார்த்தை காதில் விழுந்தது. உள்ளே எங்கும் போகவில்லை.

"நாத்தமே இல்ல பாருங்கோ" என்றது பக்கத்தில் ஒரு குரல்.

வேலப்பன்.

"இவ்ளோ பெரிசு கரையில கெடந்தா ஊரே மூக்கப் புடிச்சிகினு ஓடும். இங்க கண்ணாடி மாதிரி தொடச்சி வச்சிருக்காங்கோ. பாக்கிறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது."

குணசுந்தரி திரும்பி அவரைப் பார்த்தாள். எட்டு மாதத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ ஆறுதல் சொல்லியிருந்தார்கள். அதில் ஒன்றும் நினைவில் இல்லை. இந்த ஆள் சொன்னது மட்டும் காதில் நின்றது.

அதோடு இன்னொன்றும் புரிந்தது. காலையில் ஓட்டலில் எதேச்சையாக வந்தவர் மறுபடி இங்கேயும் எதேச்சையாக வரமுடியாது. இலைப்பச்சைச் சேலை, தங்கமான மனுசன், சற்றுத் தள்ளி நின்று சுவரில் தொங்கிய படத்தை விடாமல் பார்க்கிற அண்ணன், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. இன்றைக்கு அவள் பார்க்க வரவில்லை. அவளைத்தான் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள்.

கோபம் வரும் என்று கொஞ்சம் காத்திருந்தாள். வரவில்லை.

*

உயிர் காலேஜுக்குப் போகும் வழியில் மூர் மார்க்கெட் ஓரத்தில் அத்தாவுல்லாவின் கடையில் பிரியாணி வாங்கிக்கொண்டார்கள். இந்தத் தடவை வேலப்பனும் கூடவே வந்தார். யாரும் அதற்குக் காரணம் சொல்லவில்லை. ஒரு புளியமரத்து நிழலில் இலையை விரித்து உட்கார்ந்தார்கள். எதிரே குரங்குக் கூண்டு. குழந்தைகள் எறிந்த வேர்க்கடலையைக் குரங்குகள் உரித்துத் தின்றன.

"கறி நல்லா வெந்துகீது இல்ல?" என்றாள் குப்பம்மா. "சுந்தரி, இன்னும் கொஞ்சம் வச்சிக்கோ."

குணசுந்தரி வைத்துக்கொண்டாள். தின்றாள்.

சாப்பிட்டு முடிந்ததும் தேசப்பன் எழுந்து வேட்டியைத் தட்டினான். "நாங்க போயி சோடா வாங்கியாறோம். நீங்க குந்திகினு இருங்கோ" என்றான். சோடா வாங்க எதற்கு இரண்டு பேர் என்று யாரும் கேட்கவில்லை. குப்பம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே அவன் பின்னால் போனாள்.

கொஞ்ச நேரம் இருவரும் குரங்குகளைப் பார்த்தார்கள்.

"ஒங்களுக்குத் தெரியும் இல்ல, எதுக்கு இட்டுகினு வந்தாங்கோன்னு?" என்று கேட்டார் வேலப்பன்.

"செத்த காலேஜுல தெரிஞ்சுது."

"முன்னாடியே சொல்லலியா?"

"இல்ல."

வேலப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு அது புடிக்கல. தேசுகிட்ட சொன்னேன், தங்கச்சியைக் கேட்டுட்டு அப்பால பேசலாம்னு. கேட்டாச்சுன்னு சொன்னாரு." பிறகு, சொல்லியாக வேண்டும் என்பது போல, "நான் கடலுக்குப் போறதில்ல. லாஞ்சு துறைமுகத்துக்குள்ளதான். அலைதாங்கிக் கல்லைத் தாண்டாது. தேசு அதத்தான் முதல்ல பாத்தாரு."

"ம்."

"ஒங்களுக்கும் புள்ளைங்க இல்ல, எனக்கும் இல்ல. ஒரு வூட்டுல ரெண்டு பேரு, அவ்ளோதான்னு…"

"எனக்குப் பொண்ணு கீது" என்றாள் குணசுந்தரி.

அவர் அவளைப் பார்த்தார்.

"ஆறு வயசு. அங்கம்மான்னு பேரு."

"தேசு சொல்லலியே."

"அப்படியா."

அவள் குரலில் ஒன்றும் இல்லை. இரண்டு நாள் என்று மாமியார் சொன்னதும், குப்பம்மா காலையில் பதில் சொல்லாமல் சேலையைப் பிரித்ததும் ஞாபகம் வந்தன. இரண்டு நாள் இல்லை அது. குழந்தையை வாங்கிக்கொண்டுவிட்டார்கள். அவளுக்குத் தெரிந்தது, ஆனால் வேறு யாருடைய குழந்தையைப் பற்றியோ கேள்விப்பட்டதைப் போல இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

வேலப்பன் துணிப்பையை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"நானும் ஒண்ணு சொல்லணும்" என்றார். "தேசுகிட்ட கூடச் சொல்லல. என் பொண்சாதி செத்துப்போயிட்டதாத்தான் துறைமுகத்துல எல்லாரும் நெனச்சிகினு கீறாங்கோ. நானும் அப்படியே உட்டுட்டேன். அது சாவல."

"எங்க கீறாங்கோ?"

"கீய்ப்பாக்கத்துல. மனசு சரியில்லாதவங்க ஆஸ்பத்திரியில. எட்டு வருசம் ஆவுது." பையைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு பொட்டலம் பொறை ரொட்டி, நாலு வாழைப்பழம், ஒரு புதுச் சீப்பு. "ஞாயித்துக்கெயமைன்னா அங்கதான் போவேன். பொறைன்னா கன்னியம்மாவுக்கு உசுரு. டீயில நனச்சிக் குடுத்தா துன்னும். இன்னிக்கு இங்க வந்துட்டேன். காலையிலேருந்து இந்தப் பையி மட்டும் கனத்துகினே கீது."

"ரெண்டாவது கட்டக்கூடாதுன்னு சட்டம் வந்திருக்குதாமே?"

"கோட்டு ரைட்டருகிட்ட கேட்டேன். மனசு சரியில்லன்னா எழுதிக் குடுத்துப் பிரிச்சுக்கலாம்னு சொன்னாரு. காயிதம் வூட்டுல கீது. இன்னும் கையெழுத்துப் போடல."

குரங்குக் கூண்டின் பக்கம் சிரிப்பு எழுந்து அடங்கியது.

"இன்னா ஆச்சு அவங்களுக்கு?" என்று கேட்டாள் குணசுந்தரி.

"புள்ள பொறந்துச்சு. ரெண்டாம் நாளு போயிடுச்சு. ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு ஊரே காலி பண்ணிகினு ஓடுச்சே, அதுக்கு அடுத்த வருசம். அப்போ ஒண்ணும் தெரியல. சமைக்கும், வூட்டைப் பெருக்கும், சொன்ன வேலையைச் செய்யும். பரவால்ல, தாங்கிகிச்சின்னு நெனச்சேன். ஒரு வருசம் அப்படியே இருந்துச்சு. அப்பால ஒரு நாளு அடுப்பாண்ட குந்தினது எயுந்துக்கவே இல்ல."

குணசுந்தரியின் கை சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது.

"அழுதாங்களா?"

"இன்னா?"

"புள்ள போனப்போ. அவங்க அழுதாங்களா?"

வேலப்பன் யோசித்தார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை.

"இல்ல" என்றார். "அழவே இல்ல."

*

தேசப்பன் நான்கு சோடா பாட்டில்களைக் கைகளில் இடுக்கிக்கொண்டு முகமெல்லாம் சிரிப்பாக வந்தான். குப்பம்மா கையில் ஒரு முழம் மல்லிகைப்பூ இருந்தது.

"அண்ணா, அங்கம்மா எப்போ வரும்?" என்று கேட்டாள் குணசுந்தரி.

சிரிப்பு நின்றது. தேசப்பன் வேலப்பனைப் பார்த்தான். வேலப்பன் தரையைப் பார்த்தார்.

"அது… செல்லம்மா கிழவி கேட்டுச்சு. புள்ள போனதுக்குப் பேத்தியாவது கூட இருக்கட்டும்னு அழுதுச்சு. நீ இன்னொரு வூட்டுக்குப் போறவ. நல்லதுக்குத்தான்மா. பேசி முடிச்சாச்சு."

"முடிச்சாச்சா."

"சுந்தரி, நான் வோணாம்னுதான் சொன்னேன்" என்றாள் குப்பம்மா. பூவை என்ன செய்வதென்று தெரியாமல் கைமாற்றிக்கொண்டாள்.

"இவரு பொண்சாதி உயிரோட கீறாங்கோ" என்றாள் குணசுந்தரி அதே குரலில்.

தேசப்பன் கையிலிருந்த ஒரு பாட்டில் நழுவிப் புல்லில் விழுந்து உருண்டது. யாரும் எடுக்கவில்லை.

"வேலு?"

"ஆமா தேசு."

"எங்கிட்ட சொல்லல நீ. கூடவே நின்னு வேல செய்யறவன்கிட்ட."

"நீயும் கொயந்தையைப் பத்திச் சொல்லல."

இருவரும் சத்தம் போடவில்லை. சுற்றிலும் ஞாயிற்றுக்கிழமை ஜனம். தேசப்பனின் கழுத்து நரம்பு மட்டும் புடைத்தது. "உன்னை நம்பி என் தங்கச்சியை இட்டுகினு வந்தேன் பாரு" என்று பல்லுக்கிடையில் சொன்னான். பிறகு குணசுந்தரியிடம், "எயுந்திரு. வூட்டுக்குப் போலாம். இது ஆவாது" என்றான்.

குணசுந்தரி எழுந்தாள். இலைகளைப் பொறுக்கிச் சுருட்டித் தொட்டியில் போட்டாள். விழுந்த பாட்டிலை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தாள். பிறகு வேலப்பனிடம் போனாள்.

"அங்க எத்தினி மணி வரைக்கும் உடுவாங்கோ?"

"அஞ்சு மணி வரைக்கும்."

"இப்போ போனா பாக்கலாமா?"

"சுந்தரி" என்றான் தேசப்பன்.

"காலையிலேருந்து நீ காட்டினதெல்லாம் பாத்தேன்ணா. திமிங்கிலத்தைப் பாத்தேன், கொரங்கைப் பாத்தேன். நான் இவரு சம்சாரத்தைப் பாக்கணும்."

"பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா? இன்னா பேச்சு இது? நாளைக்கு நாலு பேரு…"

"நாளைக்குத் திருவொற்றியூருக்குப் போயி என் பொண்ணை இட்டுகினு வரணும்" என்றாள் அவள். "அதுக்கு முன்னாடி அவங்களைப் பாக்கணும்."

தேசப்பன் தங்கையின் முகத்தைப் பார்த்தான். அவளிடம் கோபித்துப் பேசினால் பதிலுக்குக் கோபம் வரும், அழுகை வரும், சமாளித்துவிடலாம் என்றுதான் அவன் எப்போதும் நினைத்திருந்தான். அந்த முகத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

"நான் கூடப் போறேன்யா" என்றாள் குப்பம்மா. "நீ வூட்டுக்குப் போ. தனியா உட முடியாது."

*

கீழ்ப்பாக்கம் பஸ்ஸில் பெண்கள் இருவரும் முன்னால் உட்கார்ந்தார்கள். வேலப்பன் பின்னால் நின்றுகொண்டு வந்தார். குப்பம்மா ஒரு இடத்தில் குணசுந்தரியின் கையைப் பிடித்தாள்.

"இன்னாத்துக்குடி இதெல்லாம்?"

"தெரியல அண்ணி."

அது உண்மை. அந்தப் பெண்ணைப் பார்த்து என்ன செய்யப்போகிறாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. அழாத இன்னொருத்தி எப்படி இருப்பாள் என்று பார்க்க வேண்டும். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்காமல் போனதற்கு முன்னால், கடைசி நாளில், அவளுக்கு ஏதாவது தெரிந்ததா என்று கேட்க வேண்டும். பதில் வராது என்றும் தெரியும்.

நீளமான மதில் சுவர். பெரிய கதவில் ஒரு சின்னக் கதவு. உள்ளே மேஜை போட்டு உட்கார்ந்திருந்த காவல்காரர் இக்னேஷியஸ் வேலப்பனைப் பார்த்ததும், "இன்னாபா இன்னிக்கு லேட்டு? மத்தியானத்திலேருந்து வாசப்படியைப் பாத்துகினு குந்திகினு கீது உன் சம்சாரம்" என்றார்.

வேலப்பன் மேஜைக்கு அருகில் போனார். பையைப் பிரித்துக் காட்டினார். இக்னேஷியஸ் சீப்பை மட்டும் எடுத்துத் தனியே வைத்துவிட்டுப் பெரிய நோட்டைத் திறந்து வேலப்பனின் பெயரை எழுதினார். பிறகு நிமிர்ந்தார்.

"இவங்க ரெண்டு பேரு?"

"கூட வந்திருக்காங்கோ."

"அப்படி எழுத முடியாதுபா. சொந்தக்காரங்களைத்தான் உள்ள உடுவாங்கோ. உன்னோட இன்னும் ஒருத்தருதான் போலாம்." அவர் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு குணசுந்தரியைப் பார்த்தார். "பேரு சொல்லும்மா."

"குணசுந்தரி."

"கன்னியம்மாவுக்கு நீ இன்னா வோணும்?"

வேலப்பன் அவசரமாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். இந்தப் பழிக்குள் அவளை இழுக்கக்கூடாது என்று நினைத்தாரோ, என்னவோ. அதற்குள் குணசுந்தரி சொல்லிவிட்டாள்.

"தங்கச்சி. அவங்க எனக்கு அக்கா."

இக்னேஷியஸ் அப்படியே எழுதிக்கொண்டார்.

குப்பம்மாவுக்குத் திக்கென்றது. கூடப் பிறந்தவளையும் அக்கா என்றுதான் சொல்வார்கள். மூத்த தாரத்தையும் இளையவள் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். இவள் எதைச் சொன்னாள்? முகத்தைப் பார்த்தாள். தெரியவில்லை. வேலப்பனும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

குணசுந்தரி அவர் கையிலிருந்து பொறைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள்.

"டீ உள்ளயே கெடைக்குமா?" என்று கேட்டுக்கொண்டே சின்னக் கதவைத் தாண்டி உள்ளே நடந்தாள்.